வெயிலில் நின்ற வண்டி

டெல்லி கரோல் பாகில் ஒரு சந்துக்குள் இருக்கும் மெக்கானிக்கிடம் எங்கள் பழைய செடான் காரை முதன்முதலில் கொண்டுபோனபோது, அவர் வருடத்தைக் கேட்கவில்லை, கிலோமீட்டரையும் கேட்கவில்லை. “வீட்டில் எங்கே நிறுத்துகிறீர்கள் சார், வெயிலிலா நிழலிலா?” என்று கேட்டார். வெயிலில்தான் என்றேன். மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தில் மூடிய நிறுத்துமிடம் கிடையாது. தலையை ஆட்டிக்கொண்டே பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர் ஹோஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கதவோரத்து ரப்பர் பட்டையை இழுத்துவிட்டார். பிறகு குனிந்து, கதவின் அடிவிளிம்பில் விரலை நுழைத்து உட்புறமாகத் தடவினார். கடைசியில்தான் உள்ளே எட்டி மீட்டரைப் பார்த்தார். மொத்தம் பத்து நிமிடம்.

2010 பிப்ரவரியில், ஓய்வுபெற்ற சமயத்தில் அப்பா வாங்கிய வண்டி அது. இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் நம்பலாம் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரே எண்ணாக ஒரு பதிலை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் தொட்ட ஒவ்வொரு இடமும் வேறு வேறு கடிகாரம் என்பது புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

திருகாணி வரை எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ முப்பதாயிரம் பாகங்கள் இருக்கும். அவை எல்லாம் ஒரே நாளில் பூட்டப்பட்டாலும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. டயரின் பூவும் பிரேக் பேடும் ஓடிய தூரத்துக்குத் தேய்கின்றன. எஞ்சின் ஆயில் ஓடிய நேரத்துக்குக் கெடுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சாவி திருப்பிய எண்ணிக்கைதான் கணக்கு. ரப்பர், பெயின்ட், பிரேக் ஆயில் ஆகியவை வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாட்காட்டியைப் பார்த்தே கெடுகின்றன. டெல்லியில் இந்தக் கடைசிக் கூட்டத்தின் கடிகாரம் பல ஊர்களைவிட வேகமாக ஓடுகிறது.

இதற்கான விளக்கம் டெல்லியில் இட்லி மாவு அரைக்கும் எல்லாத் தமிழ் வீடுகளிலும் இருக்கிறது. ஜனவரியில் அரைத்த மாவு போர்வை சுற்றி வைத்தாலும் ஒரு நாள் கழித்தும் பொங்குவதில்லை. மே மாதம் காலையில் அரைத்தது மத்தியானத்துக்குள் பாத்திரம் வழிகிறது. மாவில் நடப்பது உயிர்களின் வேலை. ரப்பரிலும் பேட்டரியிலும் நடப்பது வெறும் வேதிவினை. ஆனால் சூடு ஏற ஏற வேகம் கூடும் என்ற விதி இரண்டுக்கும் பொது. 1889-இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ் இந்த உறவைச் சமன்பாடாக எழுதினார். சிறிய வெப்ப உயர்வும் வினையைப் பெருக்கல் முறையில் முடுக்கும் என்பது அதன் சாரம். பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது: பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும், ஆயுள் பாதியாகும்.

2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கும் காருக்குள் 60 டிகிரி எளிதில் தாண்டிவிடும்; டேஷ்போர்டின் மேற்பரப்பு அதைவிடவும் சுடும். அப்படியென்றால் 30 டிகிரியில் நிழலில் நிற்கும் காரோடு ஒப்பிட, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் கைக்கணக்குப்படி எட்டு மடங்கு வேகத்தில் நாள் நகர்கிறது. மெக்கானிக் கேட்ட கேள்வியின் பொருள் இதுதான். ஹெட்லைட்டின் பாலிகார்பனேட் மூடி மஞ்சள் பூத்துப்போவதும், கூரைத்துணி பசை விட்டுத் தலையில் தொங்குவதும், கதவு ரப்பர் கருவாடாகச் சுருங்குவதும் ஓடியதால் வந்தவை அல்ல. நின்றதால் வந்தவை.

பேட்டரியில் இது இன்னும் சூழ்ச்சியாக நடக்கிறது. எங்கள் வண்டியில் எந்த பேட்டரியும் நான்காவது கோடையைக் கண்டதில்லை. பெரும்பாலும் அவை உயிரை விட்டதென்னவோ ஜனவரி விடியற்காலையில்தான், பனிமூட்டத்தில். அதனால் டெல்லிக் குளிர்தான் பேட்டரிக்கு எமன் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். உண்மையில் அடி விழுவது கோடையில். ஈயத் தகடுகளைத் தாங்கும் சட்டம் சூட்டில் வேகமாக அரிக்கப்படுகிறது, அமிலத்தில் உள்ள நீர் வற்றுகிறது. ஆனால் கோடையில் எஞ்சின் ஆயில் இளகியிருக்கும். சிறிய உந்துதலிலேயே வண்டி கிளம்பிவிடும், பலவீனம் வெளியே தெரியாது. ஜனவரியில் ஆயில் கெட்டிப்படும்போது அதிக மின்னோட்டம் தேவைப்படுகிறது. அந்தக் குளிரில் பேட்டரியால் தர முடிவதோ குறைவு. மே மாதத்துக் காயம் ஜனவரியில் தெரிகிறது.

ரப்பரின் கதைக்குக் காற்றும் ஒரு காரணம். மரத்தில் வடியும் ரப்பர் பாலைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுந்து, இழுத்தால் மீளும் தன்மை வருகிறது. அந்த மூலக்கூறுச் சங்கிலியில் இன்னும் மிஞ்சியிருக்கும் இரட்டைப் பிணைப்புகள்தான் பலவீனமான இடம். வெயிலில் வாகனப் புகை வினைபுரிந்து உண்டாகும் ஓசோன் அந்தப் பிணைப்புகளைத் தேடி வெட்டுகிறது. இழுபட்டு நிற்கும் ரப்பரில் முதலில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். புகையும் வெயிலும் ஒருசேரக் கொட்டும் டெல்லிக் கோடை இதற்கு ஏற்ற உலை. சஸ்பென்ஷன் புஷ், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட், டயரின் பக்கச்சுவர் ஆகிய எல்லாம் இதில் அடக்கம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயர் கிழடுதான்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். டெல்லியில் மீட்டர் காட்டும் கிலோமீட்டர் எஞ்சினின் உழைப்பைக் குறைத்துச் சொல்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டரை நெடுஞ்சாலையில் மணிக்கு 80 வேகத்தில் கடந்த எஞ்சின் 1,250 மணி நேரம் சுழன்றிருக்கும். ஐடிஓ, ஆசிரமம் சந்திப்பு, தௌலா குவான் என்று சிக்னல் சிக்னலாக நின்று சராசரி 20-இல் கடந்தது 5,000 மணி நேரம் சுழன்றிருக்கும். மீட்டரில் எண் ஒன்று. உழைப்பு நான்கு மடங்கு. அதோடு அருகிலுள்ள சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் கலக்கிறது. எரிந்ததில் பிறந்த நீராவி குளிர்ந்து ஆயிலிலேயே தங்குகிறது. வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது நொய்டா விரைவுச்சாலையில் ஓட்டிவிட்டு வரும்படி மெக்கானிக் சொன்னதை முதலில் ஏதோ நம்பிக்கை என்று நினைத்தேன். ஆயிலில் சேர்ந்த ஈரத்தையும் பெட்ரோலையும் ஆவியாக்கித் துரத்தும் வழி அது.

நல்ல ஆயில் உள்ள எஞ்சினில் கிராங்க் தண்டும் அதன் பேரிங்கும் ஓட்டத்தின்போது ஒன்றையொன்று தொடுவதில்லை. தலைமுடியின் தடிமனைவிட மிகமிக மெல்லிய ஆயில் படலத்தின்மேல் தண்டு மிதக்கிறது. தேய்மானம் பெரும்பாலும் கிளம்பும் முதல் சில நொடிகளில், படலம் உருவாகும் முன் நடக்கிறது. இதைக் கெடுக்க வல்லது தூசி. மே, ஜூன் மாதங்களில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் ‘ஆந்தி’ புழுதிக்காற்றில் மணல் துகள், அதாவது குவார்ட்ஸ், நிறைய. அதன் கடினம் மோஸ் அளவுகோலில் 7; கத்தி எஃகையே கீறும். ஏர் ஃபில்டர் நன்றாக இருந்து, அதற்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், அந்த வழியே மணல் சிலிண்டருக்குள் போய்விடும். வெயிலில் விரிந்த பத்து ரூபாய் ரப்பர் வெடிப்பு இப்படி ஒரு எஞ்சினை முடித்துவிடலாம். பழைய வண்டிகளில் பெரிய சாவுகள் பெரும்பாலும் இப்படித்தான் சின்ன இடத்தில் தொடங்குகின்றன.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மற்றதெல்லாம் பணம், இது உயிர். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட்-3 என்ற வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140. முசோரி மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது பிரேக் உருளைக்குள் இந்த வெப்பம் வரலாம். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய இந்தத் திரவத்தை, பத்து வருடமாக மாற்றாமல் ஓட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓடாத வண்டிக்கும் நோய் உண்டு. 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபின் எங்கள் வண்டி மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. திரும்ப எடுத்தபோது பேட்டரி செத்திருந்தது, பிரேக் டிஸ்க் துருவேறிப் பேடோடு ஒட்டியிருந்தது, டயர்களில் தரையைத் தொட்ட இடம் தட்டையாகியிருந்தது, எலி மூன்று வயர்களைக் கடித்திருந்தது. மீட்டரில் ஒரு கிலோமீட்டர் கூடக் கூடவில்லை.

இத்தனை கடிகாரங்களை ஒன்றாக வைத்து யோசிக்க ஒரு கணிதம் இருக்கிறது. அதையும் தந்தவர் ஒரு ஸ்வீடன்காரர், பொறியாளர் வாலோடி வைபுல். 1951-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் பொருள்கள் எப்போது உடையும் என்பதற்கு ஒரு பொதுச் சூத்திரம் முன்வைத்தார். அது பொருந்துகிறது என்று காட்ட அவர் எடுத்த எடுத்துக்காட்டுகளில் எஃகின் வலிமையும் உண்டு, இந்தியப் பருத்தி இழையின் வலிமையும் உண்டு. அந்தச் சூத்திரத்தில் ஒரு எண்ணைப் பார்த்தாலே பாகத்தின் குணம் தெரியும். எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் பிறவிக் குறை: கெடுவதானால் புதிதிலேயே கெடும். சரியாக ஒன்று என்றால் தற்செயல்: கல் அடித்துக் கண்ணாடி உடைவதுபோல, வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்றுக்கு மேலே என்றால் முதுமை: நாளாக நாளாக உடையும் வாய்ப்பு கூடும். மூன்றையும் சேர்த்து வரைந்தால் இரு ஓரமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த கோடு கிடைக்கும். குளியல் தொட்டிக் கோடு என்பார்கள்.

பழைய கார் என்றாலே அந்தத் தொட்டியின் வலது ஓரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்த எண்ணத்துக்கு ஒரு கணக்கும் துணைநிற்கிறது. ஒரு வருடம் தாங்குவதற்கு ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 உறுதி உள்ள ஐம்பது பாகங்களில் எது போனாலும் வண்டி நின்றுவிடும் என்று வையுங்கள். அந்த 99 சதவீதத்தை ஐம்பது முறை பெருக்கினால் வருவது ஏறத்தாழ 60 சதவீதம்தான். தனித்தனியே நல்ல பிள்ளைகள் சேர்ந்தும் வீடு தள்ளாடுகிறது.

ஆனால் 1960-இல் ஆர். எஃப். டிரெனிக் என்ற ஆய்வாளர் இன்னொரு உண்மையை நிறுவினார். பல பாகங்கள் உள்ள ஒரு இயந்திரத்தில், கெட்டதை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டிவந்தால், சில காலத்தில் அதில் எல்லா வயதுப் பாகங்களும் கலந்துவிடும். ஹோஸுக்கு இரண்டு வயது, மவுன்டுக்கு ஐந்து, கியர்பாக்ஸுக்குப் பதினாறு. அப்போது முழு இயந்திரத்தின் பழுது வீதம் ஏறாமல் ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பராமரிப்புள்ள பழைய வண்டி வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கையைக் கடிக்கும், ஆனால் வருடா வருடம் கடி கூடிக்கொண்டே போக வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லாப் பாகமும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையின் எல்லையைப் பார்த்தவர் கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சஹினிடிஸ். 1976-இல் செய்த மெர்சிடிஸ் 240டி என்ற டீசல் செடான் அவர் கையில் 46 லட்சம் கிலோமீட்டரைத் தொட்டது. 2004-இல் அந்த வண்டி ஜெர்மனியில் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனது. எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பூட்டித்தான் அவ்வளவு தூரம் ஓடியது.

நம் ஊரில் அந்த இடம் அம்பாசடருடையது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு செடானை அடியொற்றி, கொல்கத்தா அருகே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 வரை செய்த வண்டி. டெல்லியில் அமைச்சர்களையும் ஏற்றியது, கறுப்பு-மஞ்சள் டாக்சியாகப் பழைய டெல்லி ரயில் நிலையத்துக்கு வெளியேயும் நின்றது. அது கெடாத வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடிக்கடி கெட்டது. கெட்டால் எந்தச் சாலையோர மெக்கானிக்கும் ஒரு ஸ்பேனர் செட்டோடு சரிசெய்தார்; பாகம் கஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் கிடைத்தது. கெடாமல் இருப்பது ஒன்று, கெட்டால் மீள்வது வேறொன்று. என் அனுபவத்தில் 2000-க்குப் பிந்தைய செடான்கள் முதலாவதில் அம்பாசடரைவிட மிக உயரம், இரண்டாவதில் கீழே. கணினிப் பெட்டிக்குள் ஒரு சிறு மின்தேக்கி வீங்கினால் பெட்டியையே தூக்கிப் போடச் சொல்கிறார்கள். பதினைந்து வயது வண்டியை ஓரங்கட்டும் பெரும்பாலான முடிவுகள் எஞ்சினால் வருவதில்லை. இப்படி ஒரு பாகம் கிடைக்காமல் போவதால், அல்லது அதன் விலை வண்டியின் விலையைத் தொடுவதால் வருகின்றன.

மாற்றவே முடியாத பாகம் ஒன்று உண்டு: உடற்கூடு. இன்றைய பெரும்பாலான கார்களில் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளைப் பற்றவைத்த கூடே எலும்பு. மெக்கானிக் கதவின் அடியில் விரல்விட்டுத் தேடியது துரு. அவர் தொழில் கற்றது மும்பையில், கடற்காற்றில் டாக்சிகளின் தரைத்தகடு ஓட்டையாவதைப் பார்த்து. இரும்பு துருப்பிடிக்க அதன்மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் வேண்டும்; உப்பு கலந்தால் அந்தப் படலம் குறைந்த ஈரப்பதத்திலேயே உண்டாகும், மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். சென்னை மெரினாவை ஒட்டியோ நாகப்பட்டினத்திலோ நிற்கும் கார் இரவெல்லாம் நனைந்தபடி நிற்கிறது. டெல்லிக்கு மழையே பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரைதான். மே மாதப் பிற்பகலில் காற்று காய்ந்த சருகு. கடலோ வெகு தூரத்தில்.

ரப்பரையும் பேட்டரியையும் இவ்வளவு கொடுமையாகத் தின்னும் இந்த ஊர், மாற்ற முடியாத எலும்பை மட்டும் காப்பாற்றி வைக்கிறது. தென்மாநிலப் பழைய கார்ச் சந்தைகளில் ‘டெல்லி வண்டி’ என்று தனியாக ஒரு வகை பேசப்படுவதற்கு விலை மலிவு மட்டும் காரணம் அல்ல. பாடி நன்றாக இருக்கிறது.

மலிவுக்குக் காரணம் சட்டம். 2014 நவம்பர் 26 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பதினைந்து வருடம் தாண்டிய வாகனங்கள் டெல்லிச் சாலைகளில் ஓடக் கூடாது என்றது. 2015 ஏப்ரலில் டீசலுக்கு வரம்பைப் பத்து ஆக்கியது. 2018 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் பெட்ரோல் பங்குகளில் கேமரா எண்தகட்டைப் படித்து, வயது கடந்த வண்டிக்கு எரிபொருள் மறுக்கும் ஏற்பாடு வந்து, எதிர்ப்பால் சில நாட்களிலேயே நின்றது. ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து உரிமையாளர்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பர் 17 அன்று அந்தப் பாதுகாப்பைத் திருத்தியது: பாரத் ஸ்டேஜ்-4 அல்லது அதற்கு மேற்பட்ட புகைத் தரத்தில் பிறந்த வண்டிக்குத்தான் அது.

இந்த வழக்குகள் வண்டி நம்பகமானதா என்று கேட்கவில்லை, புகையைத்தான் கேட்டன. அது கேட்க வேண்டிய கேள்வி. நவம்பரில் என் மகளுக்கு இருமல் தொடங்கினால் பிப்ரவரி வரை நிற்பதில்லை. டெல்லிக் காற்றைச் சுவாசிக்கும் எவரும் இதை அலட்சியமாகப் பேச முடியாது. ஆனால் புகைக்கும் இரண்டு வேறு காரணங்கள் உண்டு, சட்டம் அவற்றை நீண்ட நாள் ஒன்றாகவே பார்த்தது. ஒன்று பிறவித் தரம், மற்றது தேய்மானம்.

பிறவித் தரத்தை எண்களில் பார்க்கலாம். 1991-இல் இந்தியாவில் பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 14.3 கிராம் முதல் 27.1 கிராம் வரை கார்பன் மோனாக்சைடு விடலாம் என்றிருந்தது. பாரத் ஸ்டேஜ்-3-இல் 2.3 கிராம், ஸ்டேஜ்-4-இல் ஒரு கிராம். ஸ்டேஜ்-6-இலும் அதே ஒரு கிராம். நைட்ரஜன் ஆக்சைடும் ஸ்டேஜ்-4-இல் 0.08, ஸ்டேஜ்-6-இல் 0.06. அதாவது பெட்ரோல் காரில் பெரிய பாய்ச்சல் முன்பே முடிந்துவிட்டது. டீசலில் கதையே வேறு: நுண்துகள் வரம்பு ஸ்டேஜ்-3-இல் 0.05 கிராம், ஸ்டேஜ்-4-இல் 0.025, ஸ்டேஜ்-6-இல் 0.0045. 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தியது. பழைய டீசல் செடானைப் புதிதுபோல் வைத்திருந்தாலும் அது பழைய புகைதான் விடும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தேய்மானத்தைச் சொல்வது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். சைலன்சர் குழாயில் தேன்கூடுபோல நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. எஞ்சின் விடும் முக்கிய நச்சுகளை இங்கே மாற்றிவிடலாம், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் பிசகாமல் இருந்தால். அந்த விகிதத்தைக் காப்பது ஆக்சிஜன் சென்சார் என்ற விரலளவுப் பாகம். அது சோம்பினால் எஞ்சின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், கன்வெர்ட்டர் எரிந்து பூச்சுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பயனற்றுப்போகும். தேய்ந்த எஞ்சின் எரிக்கும் ஆயிலில் உள்ள பாஸ்பரசும் அந்தப் பூச்சை மூடிவிடும்.

இப்படிக் கெட்டவை எத்தனை என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் டென்வர் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டெட்மன், சாலைக்குக் குறுக்கே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, கடந்துபோகும் ஒவ்வொரு வண்டியின் புகையையும் அளக்கும் முறையை 1980-களின் இறுதியில் உருவாக்கினார். பத்தில் ஒரு வண்டிதான் கார்பன் மோனாக்சைடில் பாதியை விடுகிறது என்று கண்டார். அந்த ஒரு வண்டி பழையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. டெல்லியில் நாம் நம்பியிருக்கும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழோ, பெட்ரோல் காரை நிறுத்தி, சுமையில்லாமல் உறுமவிட்டு எடுப்பது. நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதில்லை. சாலையில் ஏறி இறங்கும்போது விடும் புகை அதில் விழுவதில்லை.

டிசம்பர் திருத்தம் வயதிலிருந்து பிறவித் தரத்துக்கு நகர்ந்தது. சரியான திசை என்றே நினைக்கிறேன். தேய்மானத்தை அளக்கும் வேலை பாக்கி நிற்கிறது. ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாவது வருடமும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் முழுச் சோதனை. பிரிட்டனில் மூன்று வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும். நம் மோட்டார் வாகனச் சட்டமும் பதினைந்து வருடம் முடிந்தால் வண்டியைப் பரிசோதித்து ஐந்து வருடம் நீட்டிக்கலாம் என்றே சொல்கிறது. தமிழ்நாட்டில் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்டி நீட்டிக்கிறார்கள். பதினைந்து என்ற எண்ணுக்கு எந்த உலோகத்திலும் ரப்பரிலும் வேர் இல்லை. பதிவுச் சான்று செல்லும் கால அளவு அது.

எங்கள் அடுக்ககத்தில் ஒரே மாடலில் இரண்டு கார்கள். ஒன்று எங்களுடையது. மற்றது எதிர்வீட்டு மாமா 2010 ஆகஸ்டில் வாங்கியது. டெல்லியில் ஸ்டேஜ்-4 கட்டாயமானது 2010 ஏப்ரல் 1. அவருடையது ஸ்டேஜ்-4, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, குளிர் காலையில் நீலப்புகை விடுகிறது. எங்களுடையது ஸ்டேஜ்-3, ஆயில் குடிப்பதில்லை. அவருடையது இருக்கலாம், எங்களுடையது இருக்கக் கூடாது. கோபமாக இல்லை. எங்கள் வண்டி பிறந்த தரம் அவ்வளவுதான், அதை எந்த மெக்கானிக்கும் மாற்ற முடியாது. அந்த நீலப்புகையை யாராவது அளந்தால் போதும் என்றுதான் தோன்றுகிறது.

தடையில்லாச் சான்று வாங்கி, வண்டியை லாரியில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப முடிவானது. டெல்லிக்கு ஆகாத புகையை அங்கே மட்டும் அனுப்பலாமா என்ற கேள்வி பல நாள் தூங்கவிடவில்லை. அதனால் ஆக்சிஜன் சென்சாரைப் புதிதாக மாட்டி, கன்வெர்ட்டரைச் சோதிக்கச் சொல்லி, அதன்பின் வந்த அளவுகளைப் பார்த்த பிறகே சம்மதித்தேன். ஹோஸ்கள், பெல்ட், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. எதை எப்போது மாற்றியது என்று மெக்கானிக் இந்தியில் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டினார்.

எல்லாம் முடிந்தபின் மறுபடி கதவடியில் விரல்விட்டுப் பார்த்தார். துரு இல்லை. “தம்பி வீடு கடல் பக்கமா?” என்று கேட்டார். பக்கம்தான் என்றேன். ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நான்கு கதவுகளின் அடிவிளிம்பிலும் இருக்கும் வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தினார். கண்ணாடி இடுக்கு வழியே இறங்கும் மழைநீர் வெளியேற வைத்த துளைகள். எல்லாம் புழுதியும் வேப்பிலைச் சருகுமாக அடைத்திருந்தன. பிறகு கண்ணாடியோரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். முதலில் பதினாறு வருட டெல்லி சேறாக வந்தது. இன்னொரு சொம்பு ஊற்றினார். தெளிவாக வரும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.